சத்தம் போடாத கெட்டிலும் பதின்மூன்றாம் வாய்ப்பாடும்

அன்பும் பொறுமையும் மிகுந்த சித்தி அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள், வீட்டில் பேராசிரியர் என்று அழைக்கப்படுபவள், பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் சித்தப்பாவும் உங்கள் தையல் இயந்திரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் ஆசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். உண்மைக்கு மாறாக எதையும் எழுதக் கூடாது என்றும் அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே, காய்ச்சல், சளி முதலியவை யாருக்கும் இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றவை போகப் போகத் தெரியும்.

போன வாரம் நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, "அக்கா, உங்க வீட்லேர்ந்து நான் எடுத்துட்டு வந்த கெட்டில் என்ன இப்படி அலறுது? பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்குது. நீங்க புதுசா வாங்கினீங்களே, சத்தமில்லாதது, அது எப்படிப் பாத்து வாங்குறதுன்னு பேராசிரியர எழுதச் சொல்லுங்க" என்று கேட்டீர்களாம். அம்மா என்னிடம், "நீதானே ஆராய்ச்சி பண்ணினவ, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். என் கருத்தை ஒருவர் எழுத்து மூலமாகக் கேட்பது இதுவே முதல் முறை என்பதால் எனக்கு ஏற்பட்ட பெருமையை விவரிக்க மாட்டேன். ஆனால் சித்தி, நீங்கள் கேட்டது ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. போனிலும் சொல்ல முடியாது. போனில் சொன்னால் தங்கை கேட்பாள். தங்கை கேட்டால் மாடி முதல் தெருமுனை வரை எல்லோரும் கேட்ட மாதிரி. அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்தவரே நீங்கள்தான்.

முதலில் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். கெட்டில் ஏன் கத்துகிறது? அடித்தட்டு சூடானதும் அதன் மேல் குட்டிக் குட்டி நீராவிக் குமிழ்கள் உண்டாகின்றன. அவை மேலே கிளம்பி இன்னும் சூடாகாத தண்ணீரைத் தொட்டதும் பட்பட்டென்று உடைந்துபோகின்றன. அந்த ஆயிரக்கணக்கான உடைதல்கள் சேர்ந்ததுதான் சத்தம். தண்ணீர் நன்றாகக் கொதிக்க ஆரம்பித்ததும் சத்தம் குறைந்துவிடும். அதாவது கெட்டில் கொதிக்கும்போது கத்துவதில்லை, கொதிப்பதற்கு முன்னால்தான் கத்துகிறது. (மனிதர்களும் இப்படித்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.) அடியில் உப்புப் படிந்தால் சத்தம் கூடும். ஒற்றைத் தகட்டில் செய்திருந்தால் கூடும். மூடி லொடலொடவென்று இருந்தால் இன்னும் கூடும். நம்முடைய பழைய கெட்டிலில் இந்த மூன்று சிறப்புகளும் இருந்தன. ஸ்விட்ச்சைப் போட்டதும் முதலில் ஊசி போட்ட மாதிரி சுர்ரென்னும், பிறகு மோட்டார் சைக்கிள் வரும், அப்புறம் மேட்டில் ஏறும் லாரி, கடைசியில் மூடி தாளம் போடும், "டக்" என்று நிற்கும். கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு, அந்த டக் வரும்வரை படித்தது எதுவும் மண்டையில் ஏறாது.

ஆகையால், கட்டுரைப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கிய அன்று அப்பா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "என்ன வேணும், கேளுங்க பேராசிரியரே!" என்றபோது, குடும்ப நலனை மனத்தில் கொண்டு, "சத்தம் போடாத கெட்டில்" என்று கேட்டேன். அப்பாவின் முகம் சுருங்கியது. "கெட்டில் எதுக்கும்மா? புதுப் பை வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "நல்ல பேனா?" இருக்கிறது என்றேன். அப்பா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சைக்கிள்?" என்றார். சித்தி, இரண்டு வருடமாக நான் சைக்கிள் கேட்டு, ரோட்டைப் பார்த்தியா, லாரியைப் பார்த்தியா என்று மறுத்து வந்த மனிதர், ஒரு கெட்டிலுக்குப் பதிலாக சைக்கிள் தருகிறேன் என்கிறார்! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ பெருமைதான் வந்தது. "சுயநலத்துக்காக எதையும் கேட்க மாட்டேன் அப்பா" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கடைக்கு அம்மா, நான், ஒலிபெருக்கி மூவரும் போனோம். கடைக்காரர் முதலில் ஒரு கண்ணாடிக் கெட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே நீல விளக்கு எரிகிறது, மீன்தொட்டி மாதிரி அழகு. "இது சத்தமே போடாதும்மா. தண்ணி கொதிச்சதும் மட்டும் ஒரு மியூசிக் வரும்" என்றார். எவ்வளவு மியூசிக் என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். ஒலிபெருக்கி ஆட ஆரம்பித்துவிட்டாள். அது முடியவே இல்லை. வேண்டாம் என்றோம். இரண்டாவதாக வந்ததற்கு மூக்கு கொக்குக் கழுத்து மாதிரி நீளமாக வளைந்திருந்தது. அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதற்குள் எனக்குப் பள்ளி மணி அடித்துவிடும். மூன்றாவது, இரட்டைச் சுவர் வைத்தது. தட்டிப் பார்த்தால் டங்கென்று ஒலிக்காமல் தொம்மென்றது. மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. அடி அகலம், கீழே ரப்பர். இதுதான் என்று என் மனம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆதாரம் வேண்டுமல்லவா? பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, "கொதிக்க வைத்துக் காட்டுங்கள்" என்றேன்.

"பாப்பா, கடைல தண்ணி எல்லாம் ஊத்த மாட்டோம்."

"காதால் கேட்காமல் சத்தமில்லை என்று எப்படி நம்புவது?"

"நான் சொல்றேன்ல?"

"நீங்கள் சொல்வதும் ஒரு சத்தம்தானே?" என்றேன். இதை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, சித்தி. தர்க்கப்படி சரியாக இருந்ததால் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஆனால் கடைக்காரர் சிரித்துவிட்டு, தண்ணீரை ஊற்றி ஸ்விட்ச்சைப் போட்டார். என்ன பயன்? கடை முழுக்க டிவிகள் ஓடுகின்றன, ஃபேன்கள் சுற்றுகின்றன, ஒரு மூலையில் மிக்சியை ஓட்டிக் காட்டுகிறார்கள். "இந்தச் சத்தத்தில் எதைக் கேட்பது?" என்றேன். கடைக்காரருக்கும் ஒரு ரோஷம் வந்துவிட்டது. "டேய், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்கடா!" என்று கத்தினார். டிவிகள் அணைந்தன. மிக்சி நின்றது. ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. திடீரென்று இப்படி ஆனதும் கடையில் இருந்த எல்லோரும் என்னவோ ஏதோ என்று நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு போய்ட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "தெரியல, பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்றார் அவர். அந்த மௌனத்தில் கெட்டில் கொதித்தது, சித்தி. பூனை மடியில் படுத்துத் தூங்கும்போது ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். பிறகு மெல்ல ஒரு "டிக்". டக் கூட இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதே கெட்டிலை இன்னும் இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். தொப்பிக்காரப் பெரியவர் அவர்களில் ஒருவர்.

ஆனால் அந்தக் கடையில் இரண்டு விஷயங்களை நான் கவனித்தேன், கவனித்தும் புரிந்துகொள்ளவில்லை. ஒன்று, இறந்தவரின் ஊர்வலம் வருகிறதா என்று எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கடைக்காரரிடம், "கொஞ்சமாவது சத்தம் வருமா?" என்று கவலையோடு கேட்டார். "சத்தியமா வராதுக்கா" என்று அவர் ஆறுதல் சொன்னார். இரண்டு, வீட்டில் அப்பா பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "கொஞ்சம்கூடவா வராது?" என்றார். "கொஞ்சம்கூட" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்த்ததும் நானும் என் தோழியும் பார்த்துக்கொள்வோமே, அந்தப் பார்வை. அந்தச் சமயம் பார்த்து நீங்கள் வந்தீர்கள், உங்கள் கெட்டில் உடைந்துபோனது என்றீர்கள், பழையதை நானே பையில் வைத்துக் கொடுத்து உங்களை வழியனுப்பினேன். வாசலில் நின்று அப்பா கையசைத்தது உங்களுக்கு என்றுதான் நினைத்தேன். பைக்கு என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை வழக்கம்போல அப்பாவும் அம்மாவும் சமையலறைக்குள் போனார்கள். கதவுக்குப் பதிலாகத் தொங்கும் திரையை இழுத்துவிட்டார்கள். ஸ்விட்ச்சைப் போட்டார்கள். நான் கூடத்தில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து, அமைதி என்றால் என்ன என்பதை அனுபவிக்கத் தயாராக இருந்தேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல், கச்சேரியில் மைக் முன்னால் நிற்பவரைப் போல, வீடு முழுக்கக் கேட்டது:

"நீ போயிட்டா நாங்க மூணு பேரும் என்ன ஆவோம்னு யோசிச்சியா?"

அம்மாவின் குரல் அதற்குச் சற்றும் குறையாமல் வந்தது: "போறதா முடிவு பண்ணிட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் பூனைக் குறட்டை மட்டும் கேட்டது. பழக்க தோஷம், சித்தி. பழைய கெட்டிலுக்குப் பேசுகிற குரலில் புதிய கெட்டில் முன்னால் பேசிவிட்டார்கள். அப்பாவுக்கு அச்சகத்தில் பெரிய இயந்திரத்தோடு வேலை. அங்கே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். அவர் ரகசியம் சொன்னால்கூட மாடிப்படி வரை கேட்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் அவர் அம்மாவோடு தனியாகப் பேசுவதற்கு ஒரே இடம் அந்தக் கெட்டிலின் சத்தத்துக்குள்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒலிபெருக்கி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு வந்து என்னிடம், "அம்மா எங்க போறாங்க?" என்றாள். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று அவள் கிளம்பிவிட்டாள். பள்ளிக்குப் போகும் வழியில் யார் யாரைப் பார்த்தாளோ, சாயங்காலம் கீழ் வீட்டு மருந்துக்கடை அத்தை ஒரு தைலப் பாட்டிலோடு மேலே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதம்மா. ஆம்பளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. நானே எத்தன தடவ பெட்டிய எடுத்து வச்சிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவயும் ஜிப்பு மாட்டிக்கும், நின்னுடுவேன்" என்றார். அம்மா, "அய்யோ அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லச் சொல்ல, "ஒண்ணுமில்லன்னுதான் நானும் சொல்வேன்" என்று தைலத்தை நெற்றியில் தேய்த்தார். அவர் போவதற்குள் மேல் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "வருத்தமான விஷயம்தான். இருந்தாலும் காலி பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, என் மச்சினன் வீடு தேடிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் அவர் மச்சினனின் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று கண்ணாலேயே அளந்தார். அப்பா அச்சகத்திலிருந்து வந்தபோது படியில் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்களாம். "நான் என்ன பண்ணினேன்?" என்று என்னிடம் கேட்டார். பாவமாக இருந்தது.

நான் நேராக அம்மாவிடம் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, சுற்றி வளைக்காமல், "நீங்க அப்பாவ விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். குரல் நடுங்காமல் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடுங்கிவிட்டது.

"அடிப் பைத்தியக்காரி" என்றார் அம்மா, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு. "மூணு மாசப் பயிற்சிடி. எங்க பெரிய டாக்டர் என் பேரக் குடுத்திருக்காரு. சித்தி ஊர்லதான். சித்தி வீட்லயே தங்கிக்கலாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணும்."

உங்களுக்குத் தெரியும், அம்மா காது மருத்துவமனையில் வேலை செய்கிறார். வருகிறவர்களின் பெயரை எழுதுவது, கூப்பிடுவது, காதில் மாட்டும் கருவியைத் துடைத்து வைப்பது எல்லாம் அம்மா. ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பது வேறொருவர். இந்தப் பயிற்சி முடித்தால் அந்த நாற்காலி அம்மாவுக்கு. அம்மா இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பரிசு வாங்கிய அன்று என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அப்பா வேண்டாம்னு சொன்னாரா?"

"சொல்லல."

"போன்னு சொன்னாரா?"

"அதுவும் சொல்லல." அம்மா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாதிப் பேச்சுலதானே நீ கெட்டில மாத்திட்ட."

அப்புறம்தான் அம்மா அந்த ஏற்பாட்டைச் சொன்னார். கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தானாம். என்ன சண்டையானாலும் ஸ்விட்ச்சைப் போட்டதும் ஆரம்பிக்க வேண்டும், டக் என்றதும் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் காலை, விட்ட இடத்திலிருந்து. டம்ளரைக் கையில் எடுத்தபின் அந்தப் பேச்சே கூடாது. என்னைப் பள்ளியில் சேர்த்தது, இந்த வீட்டுக்குக் குடிவந்தது, ஒலிபெருக்கிக்கு மொட்டை போடலாமா வேண்டாமா என்பது உட்பட எல்லாமே அந்தச் சத்தத்துக்குள் முடிவானவைதானாம். நான் இத்தனை நாளாக அதைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் சித்தி!

அடுத்த நாட்களில் அவர்கள் வேறு சத்தம் தேடினார்கள். நான் எதுவும் தெரியாதவள் போல் மேஜையில் இருந்தபடி கவனித்தேன். முதலில் அப்பா குழாயை முழுவேகத்தில் திறந்து வைத்துவிட்டுப் பேசப் பார்த்தார். மேலேயிருந்து வீட்டுக்காரர், "யாருங்க அது, தொட்டிய காலி பண்றது?" என்று கத்தினார். மறுநாள் மிக்சியை வெறுமனே ஓட்டினார்கள். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. அதற்கும் மறுநாள் குக்கர் வைத்தார்கள். குக்கர் நல்ல சத்தம்தான், ஆனால் விட்டு விட்டு வருகிறது. அப்பா விசிலுக்காகக் காத்திருந்து, விசில் வந்ததும் வேகமாகப் பேசுவார். விசில் நின்றதும் நடு வாக்கியத்தில் நின்றுவிடுவார். அம்மாவுக்குப் பதில் சொல்ல அடுத்த விசில் வேண்டும். "நான் என்ன சொல்ல வரேன்னா" என்று அப்பா ஆரம்பித்தார், விசில் நின்றது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். பருப்பு குழைந்துபோனதுதான் மிச்சம். அதன் பிறகு இருவரும் பேசுவதையே விட்டுவிட்டார்கள். சண்டை இல்லை சித்தி, அதைவிட மோசம், மரியாதை. "உப்பு கொஞ்சம் தர முடியுமா?" "தாராளமா எடுத்துக்கங்க." எங்கள் வீட்டில் இப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நான் ஆசைப்பட்ட அதே அமைதி. ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மறுநாள் காலை இருவரும் தனித்தனியாகச் சமையலறைக்குள் நின்றபோது, நான் ஒலிபெருக்கியை இழுத்து உட்காரவைத்து ஒரு தட்டையும் கரண்டியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, என் குரலின் முழுப் பலத்தோடு, "ஒரு பதிமூணு பதிமூணு! ரெண்டு பதிமூணு இருபத்தாறு!" என்று ஆரம்பித்தேன். அவள் தட்டைத் தட்டினாள். கத்தச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டது அவள் வாழ்க்கையில் முதல் தடவை, ஆகவே ஜமாய்த்துவிட்டாள். அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "ஏண்டி காலைல இப்படி..." என்று ஆரம்பித்தார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, "மூணு பதிமூணு முப்பத்தொம்பது!" என்றேன். அம்மா ஒரு நொடி நின்றார். பிறகு திரையை மெதுவாக இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் இரண்டு குரல்கள் கலந்து வருவது தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. வாய்ப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கி தானாகவே, "டக்!" என்று கத்தினாள். இருவரும் டம்ளரோடு வெளியே வந்தார்கள். அப்பா எங்கள் இருவர் தலையையும் தடவிவிட்டுச் சட்டையை மாட்டப் போனார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள்தான் கெட்டில். ஆனால் நேற்று ஒரு கோளாறு ஆயிற்று. ஒலிபெருக்கிக்குப் பசி. ஏழு பதிமூணிலேயே "டக்!" என்று கத்திவிட்டாள். நானும் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் மட்டும் தனியாக நின்றது:

"போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் வரல. நீ இல்லாம காலைல நான் யார்கிட்ட..."

அங்கேயே நின்றுவிட்டது. அப்பா வெளியே வரவில்லை. அம்மாவும் வரவில்லை. ஒலிபெருக்கிகூட அதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவு எழுதினால் உங்களுக்குப் புரியும்.

ஆகவே சித்தி, நீங்கள் கேட்ட ஆலோசனைக்கு என் பதில் இதுதான். இரட்டைச் சுவர், அகலமான அடி, இறுக்கமான மூடி, மியூசிக் இல்லாதது, இவற்றைப் பார்த்து வாங்கினால் கெட்டில் சத்தம் போடாது. கொதிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், பரவாயில்லை. மாதம் ஒரு தடவை எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து அடியில் படிந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் யாருக்காவது தேவைப்படுகிறதா என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை சித்தப்பா பேசுவதே அபூர்வம், பேசினாலும் துணி வெட்டும் கத்தரிக்கோல் சத்தத்துக்கு மேல் கேட்காது. ஆதலால் நம் பழைய கெட்டிலின் திறமை உங்கள் வீட்டில் வீணாகிறது என்பது என் தாழ்மையான கருத்து. நாம் மாற்றிக்கொள்வோம். பழைய கெட்டிலை உடனே பஸ் பார்சலில் போட்டு அனுப்புங்கள். அதன் அடியில் இருக்கும் உப்பை மட்டும் தயவுசெய்து சுரண்டிவிட வேண்டாம், சத்தம் குறைந்துவிடும். வந்து சேர்ந்ததும் சத்தமில்லாததை நான் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா அந்த வாக்கியத்தை முடித்தாக வேண்டும். என் தொண்டை கட்டிவிட்டது. வகுப்பில் வருகைப் பதிவுக்கு நான் "உள்ளேன்" சொன்னால் யாரோ கதவு திறந்த மாதிரி இருக்கிறது. பதினான்காம் வாய்ப்பாட்டுக்குப் போகும் அளவுக்கு ஒலிபெருக்கிக்குக் கணக்கும் வராது.

இதில் எழுதியிருப்பது எல்லாம் ரகசியம். அம்மா பயிற்சியைப் பற்றி உங்களிடம் சொல்லும்போது, முதல்முறையாகக் கேட்பவர் போல "அப்படியா அக்கா!" என்று வியக்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. நீங்கள் சந்தோஷப்பட்டால் புருவம் மட்டும் முதலில் ஏறும், அது செயற்கையாகத் தெரியும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அவர் பதில் வணக்கம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊசியில் நூல் அறாமலும், கண்ணில் வலி வராமலும், வாடிக்கையாளர்கள் அளவு சரியில்லை என்று திரும்பி வராமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களாகிய உங்கள் ஆசியை எனக்கும், முடிந்தால் என் தொண்டைக்கும் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அக்கா மகள்
(பேராசிரியர்)

பி.கு.: மேலே எழுதியிருக்கும் எதையும் செய்ய வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் படித்தால்தான் பிழை தெரியும் என்று எங்கள் தமிழ் ஆசிரியை சொல்வதால், கட்டிய தொண்டையோடு இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் ஒலிபெருக்கி இருந்திருக்கிறாள். நான் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்குப் போய், அப்பாவின் ரகசியக் குரல் மாடிப்படி வரை கேட்கும் என்ற பகுதி உட்பட, எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள். அம்மாவும் அப்பாவும் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். தொப்பிக்காரப் பெரியவரிடம் வந்தபோதே அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. நேற்றைய அந்த அரை வாக்கியம் இருக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து ரகசியமாக, "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? வர்றேன்னு இன்னைக்கே சொல்லிடு. டீ நான் போட்டுக்குறேன்" என்றார். கீழே இருந்து மருந்துக்கடை அத்தை, "நல்ல முடிவு தம்பி!" என்று கத்தினார்.

ஆகவே நீங்கள் கெட்டில் வாங்க வேண்டாம், சத்தமில்லாததை அம்மாவே பெட்டியில் எடுத்துக்கொண்டு வருகிறார். வியப்பதற்கு ஒத்திகையும் வேண்டாம். பழைய கெட்டிலை அனுப்ப வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன், ஆனால் அப்பா, "அத மட்டும் கண்டிப்பா அனுப்பச் சொல்லு. உங்கம்மா இல்லாத வீட்ல ஏதாவது ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கணும்ல?" என்று சொல்லியிருக்கிறார். அம்மா, "என்ன சொன்னீங்க?" என்று எழுந்து, அப்பாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போய், திரையை இழுத்துவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டிருக்கிறார். போட்டிருப்பது சத்தமில்லாத கெட்டில், இங்கே எல்லாமே கேட்கும். எனவே கடிதத்தை இத்துடன் நிறுத்திவிட்டு வாய்ப்பாட்டைத் தொடங்குகிறேன். ஒலிபெருக்கியிடம் இன்றைக்கு "டக்" சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.